உடலில் நிற்காத தேக்கம்: எலாஸ்டின் வகைப் புரதப் பாலிமர் ஊசி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு சிறு ஆய்வுக்குழுவில் நடந்தது இது. மொத்தம் ஆறு பேர். மரபணு வடிவமைப்பை ஒருவரும் விலங்குச் சோதனையை இருவரும் கவனித்தார்கள். நுண்ணுயிரில் புரதத்தை வளர்த்து, சுத்தம் செய்து, பொடியாக்கித் தருவது என் வேலை. பின்னால் சொல்லப்போகும் தவறில் எனக்கு நேரடிப் பங்கு உண்டு. அதனால்தான் எழுதும் பொறுப்பும் என்னிடம் வந்தது.

எடுத்துக்கொண்ட பிரச்சினை பழையதுதான். பெப்டைடு மருந்துகள், அதாவது சிறு அமினோ அமிலச் சங்கிலிகளால் ஆனவை, ரத்தத்தில் நிமிடக்கணக்கில் அல்லது மணிக்கணக்கில் கரைந்து போய்விடும். தினமும் ஊசி போடாமல், தோலுக்கடியில் ஒரு தடவை போட்டால் அங்கேயே தங்கி வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடுகிற ஒரு தேக்கம் வேண்டும். அந்தத் தேக்கத்தை ஒரு புரதத்தைக் கொண்டே கட்டுவது என்று முடிவானது.

வேதியியல் பாலிமரை (சிறு அலகுகளைத் திரும்பத் திரும்பக் கோத்த நீளச் சங்கிலியை) விட்டுப் புரதத்துக்கு வந்ததற்குக் காரணம் துல்லியம். வேதிமுறையில் தயாராகும் பாலிமரில் சங்கிலிகளின் நீளம் ஒன்றுக்கொன்று கொஞ்சமாவது மாறும். மரபணுவில் எழுதி நுண்ணுயிரிடம் கொடுத்தால் ஒவ்வொரு சங்கிலியும் ஒரே நீளம், ஒரே வரிசை. மருந்துப் பெப்டைடையும் அதே மரபணுவின் நுனியில் எழுதிவிடலாம், தனியாக ஒட்டவைக்க வேண்டியதில்லை.

இந்தக் குடும்பத்தில் வேறு தேர்வுகளும் இருந்தன. எக்ஸ்டென் என்ற, ஆறே வகை அமினோ அமிலங்களால் ஆன, கட்டமைப்பில்லாத சங்கிலி மருந்தின் ஆயுளை ரத்தத்தில் நீட்டிக்கும். 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்த ஆல்டுவியோ என்ற ஹீமோஃபிலியா மருந்தில் அது இருக்கிறது. ஆனால் அது கரைந்தே இருக்கும், ஓரிடத்தில் தேங்காது. பட்டு-எலாஸ்டின் கலப்புப் புரதங்கள் நல்ல ஜெல்லாக உறையும். அந்த உறைவைத் திரும்பக் கரைக்க முடியாது என்பதுதான் தயாரிப்பவனுக்குத் தலைவலி. மிஞ்சியது எலாஸ்டின் வகைப் பாலிபெப்டைடு. ஈ.எல்.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள்.

பொருளின் இயல்பு

நம் ரத்தக்குழாய்க்கும் தோலுக்கும் நுரையீரலுக்கும் இழுபடும் தன்மையைத் தருவது எலாஸ்டின். அதில் வாலின்-புரோலின்-கிளைசின்-வாலின்-கிளைசின் என்ற ஐந்து அமினோ அமில வரிசை திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் உண்டு. அந்த வரிசையை மட்டும் எடுத்து நீளமாக அடுக்கியதுதான் ஈ.எல்.பி. நான்காவது இடத்தில் புரோலின் தவிர எந்த அமினோ அமிலத்தையும் வைக்கலாம். அந்த ஓர் இடம்தான் வடிவமைப்பவர் கையில் இருக்கும் திருகாணி.

இதன் விசேஷம், சர்க்கரைக்கும் உப்புக்கும் நேர்மாறாக நடந்துகொள்வது. குளிரில் கரையும், சூட்டில் பிரியும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் தெளிந்த கரைசல் நொடிகளில் பால்போலக் கலங்கி, புரதம் செறிந்த துளிகளாக ஒதுங்கிவிடும். குளிர்வித்தால் மறுபடி தெளியும். அந்த வெப்பநிலையை இங்கே மாறுவெப்பம் என்று அழைக்கிறேன். நான்காவது இடத்தில் வாலின் மட்டும் இருந்தால், நீளமான சங்கிலிக்கு அது 25 டிகிரி செல்சியஸைச் சற்றே தாண்டி இருக்கும். அலனின் மட்டும் இருந்தால் 45-ஐ ஒட்டி இருக்கும். இரண்டையும் கலந்தால் இடையில் வரும். டான் அர்ரி என்ற ஆய்வாளர் பல ஆண்டு உழைத்துத் திரட்டிய அறிவு இதில் பெரும்பகுதி.

இதே குணம் சுத்திகரிப்புக்கும் உதவும். 1999-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் மேயரும் சில்கோட்டியும் வெளியிட்ட முறை அது. நுண்ணுயிரை உடைத்து, உப்புச் சேர்த்துச் சூடாக்கினால் ஈ.எல்.பி. பிரியும். சென்ட்ரிஃபியூஜ் என்ற வேகச் சுழலியில் சுற்றி அடியில் இறக்க வேண்டும். அப்புறம் குளிர்ந்த பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்) கரைத்து மறுபடி சுற்றினால் கரையாத அழுக்கு அடியில் போகும். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்தால் போதும். புரதங்களைப் பிரிக்கும் விலையுயர்ந்த வடிகுழாய் எதுவும் வேண்டாம்.

உப்பு எதற்கு என்றால், அது மாறுவெப்பத்தைக் கீழே இழுக்கும். ஒரு மோலார் (லிட்டருக்குச் சுமார் 58 கிராம்) சோடியம் குளோரைடு ஏறத்தாழ 13, 14 டிகிரி இறக்கிவிடும். உப்பு தாராளமாக இருந்தால் அறை வெப்பத்திலேயே புரதத்தைப் பிரித்தெடுக்கலாம். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த முடிவுகள்

இரண்டு வடிவங்கள் கையில் இருந்தன. இரண்டிலும் 120 ஐந்தடுக்குகள், அதாவது அந்த ஐந்து அமினோ அமில வரிசை 120 தடவை. முதலாவதில் நான்காம் இடத்தில் வாலினும் அலனினும் 6:4, இரண்டாவதில் 8:2. கணக்குப்படி முதலாவதன் மாறுவெப்பம் 33-ஐ ஒட்டியும் இரண்டாவதன் மாறுவெப்பம் 30-க்குச் சற்றுக் கீழேயும் வர வேண்டும்.

30-க்குக் கீழே என்றால் கையாள்வது கடினம். சற்றுச் சூடான அறையில் ஊசிக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். அதனால் 6:4 வடிவத்தையே முதலில் பெரிய அளவில் தயாரித்தோம். உடலில் தேங்குமா என்று மட்டும் பார்த்துவிட வேண்டும் என்பது எண்ணம்.

அதுவரை சில நூறு மில்லிகிராம் அளவில்தான் செய்திருந்தேன். ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றுக்குப் பிறகு இரண்டு நாள் குளிர் அறையில் டயாலிசிஸ் (சவ்வுப் பையில் இட்டுத் தண்ணீரில் வைத்து உப்பை வெளியேற்றுவது), ஐந்து தடவை தண்ணீர் மாற்றம், பிறகு உறைய வைத்து உலர்த்தல். இந்த முறை ஃபெர்மென்டர் என்ற பெரிய வளர்ப்புக் கலனிலிருந்து பல கிராம் வந்தது. அத்தனைக்கும் டயாலிசிஸ் பை போட்டால் பை தண்ணீரை உறிஞ்சிப் பலூன்போல உப்பிவிடும், உலர்த்த இன்னும் ஒரு வாரம் ஆகும். விலங்குச் சோதனைக்கு ஒதுக்கிய நாள் நெருங்கியிருந்தது. கடைசிச் சுற்றில் மட்டும் உப்பை 1 மோலாருக்குக் குறைத்துவிட்டு, டயாலிசிஸ் இல்லாமலே உலர்த்திவிடலாம் என்று நான் சொன்னேன். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. புரதம்தான் அடியில் இறங்குகிறது, உப்புத் தண்ணீரை மேலே ஊற்றிவிடுகிறோமே என்பது அப்போது எனக்குப் போதுமான வாதமாக இருந்தது.

பொடியின் தூய்மையை, புரதங்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பார்த்தோம். ஒரே பட்டை. செறிவை எடைபோட்டே கணித்தோம், ஏனென்றால் ஒளியை உறிஞ்சும் அமினோ அமிலங்களான டிரிப்டோஃபனும் டைரோசினும் இந்தப் புரதத்தில் இல்லை. வழக்கமாக 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்த்துச் செறிவு சொல்லும் வழி இங்கே வேலை செய்யாது. ஈ.எல்.பி.-யோடு பழகியவர்களுக்கு இந்த எரிச்சல் தெரியும்.

அடுத்தது மாறுவெப்பம். மி.லி.க்கு 100 மி.கி. கரைசல் ஒன்றை உடல்நிலை உப்புப் பஃபரில் செய்து, அதையே அந்தப் பஃபரால் நீர்த்து 25, 5, 1 மி.கி. என்று நான்கு செறிவுகளில் அளந்தோம். ஊசியில் போகப்போகும் 100 மி.கி. செறிவில் 29.6 டிகிரி வந்தது. கணக்கு சொன்னது 33. மருந்துப் பெப்டைடு சற்று நீர்வெறுக்கும் தன்மை உடையது, அதுதான் கீழே இழுத்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். அது நம்பும்படியான சமாதானம்தான். உண்மையிலேயே அப்படி நடப்பதுண்டு. 29.6 நல்ல எண்ணாகவும் தெரிந்தது, ஆகவே 8:2 வடிவம் தேவையில்லை என்று அதை ஓரம் கட்டினோம்.

எலிகளில் கண்டது

பன்னிரண்டு எலிகள். ஆறுக்கு ஈ.எல்.பி., ஆறுக்கு வெறும் பஃபர். விலாப்பக்கத் தோலுக்கடியில் 100 மைக்ரோலிட்டர். புரதத்தில் ஒரு சிறு பங்குக்கு மட்டும் ஒளிரும் சாயம் ஏற்றிக் கலந்திருந்தோம். முழுவதற்கும் ஏற்றினால் சாயமே மாறுவெப்பத்தை மாற்றிவிடும்.

ஊசி போட்ட உடனே தோலுக்கடியில் சிறு மேடு தெரிந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் மேடு தட்டையானது. மறுநாள் காலைப் படத்தில் ஒளிர்வு பெரும்பாலும் போயிருந்தது. ஒரு வாரம் இருக்க வேண்டிய தேக்கம் ஒரு நாள்கூட இல்லை.

இரண்டாவது கவனிப்பு: ஈ.எல்.பி. பெற்ற ஆறில் நான்கு எலிகளுக்கு ஊசி போட்ட இடம் சிவந்திருந்தது. பஃபர் பெற்றவற்றில் ஒன்றுக்குக்கூட இல்லை. சிவப்பு இரண்டு நாளில் அடங்கியது.

அன்று இந்த இரண்டையும் தனித்தனிப் பிரச்சினைகளாகப் பிரித்து இரண்டு பேரிடம் கொடுத்தோம். இப்போது யோசித்தால் இந்த நிகழ்வின் பெரிய சறுக்கல் அதுதான்.

ஐந்து வாரம் வேறு இடத்தில்

சிவப்புக்கு உடனே கிடைத்த சந்தேகம் எண்டோடாக்சின். ஈ.கோலை நுண்ணுயிரின் வெளிச்சவ்வில் இருக்கும் கொழுப்புச் சர்க்கரை அது. நுண்ணுயிரில் தயாரித்த எந்தப் புரதத்திலும் ஒட்டிக்கொண்டு வரும், காய்ச்சலும் அழற்சியும் உண்டாக்கும். மனிதருக்கு நரம்பு வழி செலுத்தும் மருந்தில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரத்தில் 5 அலகுக்கு மேல் கூடாது என்பது வழக்கமான வரம்பு. குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து செய்யும் சோதனைப்பொருளைக் கொண்டு அளந்தோம். அளவு கொஞ்சம் அதிகம்தான். சரி, காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தோம்.

எலிகள் எண்டோடாக்சினை மனிதரைவிடப் பல மடங்கு தாங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த அளவுக்கு நான்கு எலிகள் சிவக்கக் கூடாது. யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எண்டோடாக்சினை நீக்க டிரைட்டான் எக்ஸ்-114 என்ற சோப்புப்பொருளைப் பயன்படுத்தினோம். குளிரில் கரைந்து, 23 டிகிரியை ஒட்டிச் சூடானதும் தனி அடுக்காகப் பிரிந்து, எண்டோடாக்சினைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும். ஆனால் எங்கள் புரதமும் சூட்டில் பிரிகிற சாதி. இரண்டும் பிரியும் வெப்பநிலைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி மிகக் குறுகலானது. முதல் முயற்சியில் இரண்டும் கைகோத்துக்கொண்டு அடியில் போய்ச் சேர்ந்தன. நிறையப் புரதம் வீணானது. நான்காவது முயற்சியில் எண்டோடாக்சின் நன்றாகக் குறைந்தது. அந்தப் பொடியைச் சில எலிகளில் போட்டுப் பார்த்ததில் சிவப்பு குறைந்தது! ஆனால் தேக்கம் முன்னைவிட வேகமாகக் கரைந்தது.

சோப்பைக் கழுவுவதற்காக அந்தப் பொடியை நான் டயாலிசிஸ் செய்திருந்தேன். உப்பும் போயிருந்தது. சிவப்பு குறைந்ததற்கு எண்டோடாக்சின்தான் காரணம் என்ற எங்கள் நம்பிக்கை இதனால் இன்னும் உறுதியானது. இதைவிட மோசமான நேரத்தில் ஒரு சரியான முடிவு வந்திருக்க முடியாது.

தேக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் வேறு பக்கம் போனார். தோலுக்கடியில் இருக்கும் நொதிகள் புரதத்தை வெட்டுகின்றனவா என்று பார்த்தார். அதற்கு எந்த அடையாளமும் கிடைக்கவில்லை.

வரைபடம் காட்டிக்கொடுத்தது

குழுவுக்கு வெளியே, இந்தப் பொருளோடு நெடுநாள் பழகிய மூத்த சகா ஒருவரிடம் எல்லாத் தாள்களையும் அனுப்பினோம். எண்டோடாக்சின் பக்கங்களை அவர் தொடவே இல்லை. மாறுவெப்பத்துக்கும் செறிவுக்கும் போட்ட வரைபடத்தை எடுத்துக்கொண்டு, "இவ்வளவு நீளமான சங்கிலிக்குக் கோடு இவ்வளவு செங்குத்தாக இறங்காதே" என்றார்.

செறிவு கூடினால் மாறுவெப்பம் குறையும். செறிவின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். சங்கிலி நீளமாக ஆக அந்தக் கோட்டின் சரிவு குறையும். நாங்கள் வரைந்த கோட்டில் செறிவு பத்து மடங்கு கூடும்போது 3.4 டிகிரி இறங்கியது. நான்கு புள்ளிகளுக்கு நேர்கோட்டுப் பொருத்தம் 0.94 என்று கணினி சொன்னதும் திருப்தி அடைந்துவிட்டோம். அவர் புள்ளிகளைத் தனியாகப் பார்க்கச் சொன்னார். 1 மி.கி.யில் 36.7, 5-இல் 35.2, 25-இல் 33.3, 100-இல் 29.6. இது நேர்கோடு அல்ல. வலது நுனியில் குப்புற விழும் வளைவு.

செறிவோடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்றும் கூடிக்கொண்டே போனால்தான் அப்படி வளையும். நீர்க்கும்போது அதுவும் நீர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் பொடியில் இருந்த உப்பு நினைவுக்கு வந்தது.

அன்று மாலையே ஆஸ்மோலாலிட்டி, அதாவது கரைசலில் கரைந்திருக்கும் துகள்களின் மொத்தச் செறிவு, அளந்தோம். வெறும் பஃபருக்கு 290. எங்கள் 100 மி.கி. கரைசலுக்கு 770-ஐ ஒட்டி. பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஒழுங்காக டயாலிசிஸ் செய்து, உலர்த்தி எடைபோட்டபோது 100 மில்லிகிராமில் 85 தான் மிஞ்சியது. மீதி உப்பு. சென்ட்ரிஃபியூஜ் அடியில் இறங்கியது வறண்ட புரதம் அல்ல, பாதிக்கு மேல் தண்ணீர் உள்ள கூழ். அந்தத் தண்ணீரில் 1 மோலார் உப்பு இருந்தது. உலர்த்தியபோது தண்ணீர் போனது, உப்பு தங்கியது. ஜெல்லில் உப்புக்குப் பட்டை வராது. தராசுக்கும் உப்பும் புரதமும் ஒன்றுதான்.

100 மி.கி. கரைசலில் கூடுதலாகச் சேர்ந்த உப்பு கால் மோலார் அளவு. அது இறக்கும் வெப்பம் மூன்றரை டிகிரி. கணக்கு சொன்ன 33-க்கும் குழாய் சொன்ன 29.6-க்கும் உள்ள வித்தியாசம் அப்படியே விளங்கிவிட்டது. மருந்துப் பெப்டைடின் மேல் போட்ட பழி வீண்.

எலியில் நடந்ததற்கும் இதுவே விளக்கம். கரைசல் தோலுக்கடியில் போனதும் கட்டியது, மேடு தெரிந்தது. உப்பு சின்ன அயனி, சுற்றியுள்ள திசுநீரில் விரைவில் பரவிப் போய்விடும். உப்பு போனதும் மாறுவெப்பம் 33-க்கு ஏறியது. மயக்கத்தில் இருந்த எலியின் விலாத் தோலுக்கடியில் மெல்லிய வெப்பமானி வைத்து அளந்தபோது அங்கே இருந்ததும் 33, 34 தான். எல்லோரும் 37 என்றே மனதில் வைத்திருந்தோம், ஆனால் தோலுக்கடியில் உடலின் உள் வெப்பம் இருப்பதில்லை. விளிம்பில் புரதம் நீர்க்க நீர்க்க மாறுவெப்பம் இன்னும் ஏறி, ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே போனது. சிவப்பு, செறிந்த உப்புநீர் திசுவைக் காயவைத்ததன் விளைவு. இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுத்த பிரச்சினைகள் இரண்டுக்கும் வேர் ஒன்றே.

திருத்தமும் விளைவும்

டயாலிசிஸ் செய்த 6:4 பொடியை நான்கு செறிவுகளில் மறுபடி அளந்தோம். புள்ளிகள் இப்போது நேர்கோட்டில் நின்றன. 100 மி.கி.யில் 33. இந்த வடிவம் இந்த வேலைக்கு ஆகாது என்பதில் விவாதம் இல்லை.

ஓரம் கட்டிய 8:2 வடிவத்தை எடுத்து, பழையபடி இரண்டு நாள் டயாலிசிஸோடு தயாரித்தோம். ஊசிச் செறிவில் 29-க்கு மேல் வந்தது. இந்த முறை எலிக்குப் போகும் முன் ஓர் எளிய சோதனை வைத்தோம். 34 டிகிரியில் நிற்கும் பெரிய குடுவை பஃபரில் ஒரு துளி கரைசலை விட்டு, துளி நிற்கிறதா என்று பார்த்தோம். உப்போடு இருந்த பழைய பொடியின் துளி முதலில் வெளுத்துக் கட்டியது, பிறகு எங்கள் கண்ணெதிரிலேயே கரைந்து போனது. 8:2 துளி மறுநாளும் இருந்தது. ஐந்து வாரம் தேடியதை அந்தக் குடுவை ஒரு பொழுதில் காட்டியது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

எலிகளில் 8:2 தேக்கம் ஏழாம் நாளும் படத்தில் தெரிந்தது, மெதுவாகச் சுருங்கிக்கொண்டு. சிவப்பு இல்லை. அந்தத் தொகுதியிலும் எண்டோடாக்சினை நீக்கியிருந்தோம். அது வீண் வேலை அல்ல, மனிதரை நோக்கிப் போகும் எந்தப் பொருளுக்கும் அவசியமானது. சிவப்புக்குக் காரணம் அது இல்லை, அவ்வளவுதான்.

இனி மாற்றிக்கொள்வது

உலர்த்திய ஒவ்வொரு தொகுதியையும் ஊசிச் செறிவில் கரைத்து ஆஸ்மோலாலிட்டி பார்க்காமல் வெளியே விடுவதில்லை. ஐந்து நிமிட வேலை அது. துளிச் சோதனை எலிக்கு முந்தைய கட்டாயப் படியானது. அடுத்த மரபணு வடிவங்களில் நுனியில் ஒரே ஒரு டிரிப்டோஃபன் சேர்த்திருக்கிறோம். அதனால் செறிவை எடையிலும் ஒளியிலும் இரு வழியாகப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடலாம்.

ஒரே தொகுதியில் ஒரே நாளில் தெரிந்த இரண்டு கோளாறுகளை, வேறென்று நிரூபிக்கும்வரை ஒரே பிரச்சினையாக வைத்து ஒருவரிடமே கொடுக்கிறோம். முதல் சுற்றின் பன்னிரண்டு எலிகளும் இடைச்சோதனைக்குப் போனவையும் தேவையில்லாமல் பயன்பட்டவை. நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிய அறிக்கையில் அதை அப்படியே எழுதினோம்.

8:2 வடிவத்தை வேண்டாமென்று ஒதுக்கியபோது சொன்ன காரணம் மட்டும் பொய்யாகவில்லை. ஊசிக்குழலைப் பனிக்கட்டி மேல் வைத்து எடுத்தாலும், கையில் ஒரு நிமிடம் அதிகமாக இருந்தால் நுனியில் கட்டிக்கொள்கிறது. கடைசிச் சுற்றில் மூன்று ஊசிகள் அப்படி அடைத்தன. இப்போதைக்கு ஊசி போடுபவர் ஒருவர், பனிக்கட்டியிலிருந்து எடுத்துத் தருபவர் ஒருவர் என்று இரண்டு பேராகச் செய்கிறோம். 7:3 வடிவத்தின் மரபணு தயாராகிக்கொண்டிருக்கிறது.